அஞ்சும் குஞ்சும் அபயக் கையும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருள் மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்கக்கூடியது. அது ஒரு கோழிக்குஞ்சு.

மனிதன் வளர்க்கும் பறவைகளுள் அவனுக்கு மிக அருகில் வாழ்வது கோழி. அவன் வீட்டு முற்றத்தில் அது பிறக்கிறது. அவன் சிந்திய மணியைப் பொறுக்கி உண்கிறது. அவன் திண்ணையின் ஓரத்தில் உறங்குகிறது. இருந்தும் அவன் கை நீண்டவுடன் முதலில் ஓடுவதும் அதுவே. அது ஏன் ஓடுகிறது? அவ்வோட்டத்தை எவ்வாறு நிறுத்துவது? நிறுத்திய பின், நம்பி வந்து நிற்கும் அவ்வுயிருக்கு மனிதன் பட்ட கடன் யாது? இம்மூன்று வினாக்களே இச்சொற்பொழிவின் எல்லை.

கோழியும் மனிதனும் கொண்ட பகை பழமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தின் அகன்ற முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதைக் காக்கும் மகளிர், கொத்த வரும் கோழியின்மீது தம் காதிற் கிடந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை வழியிற் கிடந்து சிறுவர் உருட்டும் நடைத்தேரைத் தடுக்கிறது. சோழநாட்டின் செல்வத்தைக் காட்டப் புலவர் இதைச் சொன்னார். கோழியின் பக்கம் நின்று நோக்கினால் வேறொன்று தெரியும். எறியப்பட்டது பொன்னானாலும் கல்லானாலும், மனிதக் கையைப் பற்றிக் கோழி கற்ற முதற்பாடம் அதுதான்.

அந்தப் பழைய கடற்கரை முற்றத்தை இன்றும் காண விரும்புவோர் வேம்பாருக்குச் செல்லலாம். கழுகுமலையின் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களை வழிபடச் சென்றவர் இவ்வவையிற் பலர் இருப்பர். அதே தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில், இராமநாதபுர மாவட்ட எல்லையை ஒட்டி, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்தது வேம்பார். முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் அதுவும் ஒன்று. கடலை நோக்கினால் வலையும் வள்ளமும். கரையை நோக்கினால் பனைக்கூட்டம். வேம்பார்க் கருப்பட்டி தென்னாடெங்கும் பெயர் பெற்றது. அங்குள்ள வீடுகளிலும், தென்தமிழ்நாட்டின் ஏனைய சிற்றூர்களிற்போலவே, முற்றத்தில் நாட்டுக்கோழி மேய்வதும், அதை அடைக்கும் பஞ்சாரம் கவிழ்ந்து கிடப்பதும் வழக்கம்.

அத்தகைய கரையில் பிறக்கும் குஞ்சின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மீன் இறங்கும் இடத்தில் காகமும் பருந்தும் வட்டமிடும். தரையில் நாயும் பூனையும் கீரியும் உண்டு. நிழல் என்று சொல்லத்தக்கது பனையின் கீற்று நிழலும் வேலியோரத்துப் புதருமே. மேலிருந்து ஒரு நிழல் விழுந்தால் ஓடாத குஞ்சு மறுநாள் இராது. ஆதலின் அதன் அச்சத்தைக் குறையென்று எண்ணலாகாது; அதுவே அதன் கவசம்.

அந்தக் கவசத்தின் நுட்பத்தை அறிவியலார் விரித்துரைத்துள்ளனர். கோழியின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. மணலிலிருந்து தானியமணியைப் பிரித்தறியப் பெரும்பாலும் வலக்கண்ணையும், வானத்துப் பகையைக் கண்காணிக்க இடக்கண்ணையும் அது பயன்படுத்துகிறது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானை நோக்கும் குஞ்சு வேடிக்கை பார்க்கவில்லை, காவல் காக்கிறது. வானிலிருந்து வரும் பகைக்கு ஒரு குரல், தரையில் வரும் பகைக்கு வேறொரு குரல் என எச்சரிக்கையிலும் கோழியினத்துக்கு வேறுபாடு உண்டு. முதற்குரல் கேட்டால் குஞ்சு பதுங்கும். இரண்டாவது கேட்டால் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும்.

அச்சம் பிறக்கும் காலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முட்டை அடைவைத்த 21ஆம் நாளில் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருகிறது. முதல் ஓரிரு நாளில் தன்முன் அசைவது எதுவாயினும் அதைத் தாயெனக் கொண்டு பின்தொடர்கிறது. டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1873இல் வெளியிட்ட கட்டுரையில் இதை எடுத்துரைத்தார். குஞ்சுகள் கண் திறக்குமுன் அவற்றின் தலையில் சிறு துணியுறை இட்டுச் சில நாள் வைத்திருந்தார். முதல் நாள்களில் உறை நீக்கப்பெற்றவை அவரைப் பின்தொடர்ந்தன. ஏறத்தாழ நான்கு நாள் கழித்து நீக்கப்பெற்றவையோ அவரைக் கண்டதும் வெருண்டு ஓடின. குஞ்சு மனிதனைத் தானாக ஏற்கும் வாயில் பிறந்த சில நாளிலேயே சாத்தப்படுகிறது என்பது இதனால் விளங்கும். அதன்பின் அவ்வாயிலைத் திறப்பது குஞ்சின் விருப்பம். மனிதன் செய்யத்தக்கது வெளியே பொறுமையுடன் காத்திருப்பதே.

இக்காலத்தில் பலர் வாங்குவது பொரிப்பானில் பொரிந்து, தாயின் இறகை அறியாது, சில வாரம் வளர்ந்த குஞ்சுகளை. பகை வந்தால் ஓடி ஒளிய அவற்றுக்குத் தாயின் இறக்கை இல்லை. வாயில் சாத்தியபின் புதிய வீட்டுக்கு வந்து சேர்பவை அவை. அவற்றின் நடுக்கம் ஏனையவற்றின் நடுக்கத்தினும் மிகுதியாயிருப்பதில் வியப்பில்லை.

வேம்பாரில் ஒரு வீட்டுக்கு அத்தகைய ஆறு குஞ்சுகள் வந்தன எனக் கொள்க. அவ்வீட்டில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் குஞ்சின்மேல் கொள்ளை ஆசை. அந்த ஆசையே முதல் நாளில் நான்கு தவறுகளைச் செய்விக்கும்.

முதலாவது, துரத்துதல். ஆசையால் துரத்தினாலும் பசியால் துரத்தினாலும் ஓடும் குஞ்சுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாவது, நின்றுகொண்டு குனிதல். குஞ்சின் கண்ணுக்கு அப்போது அவள் வானத்தை மறைக்கும் ஒரு நிழல். மூன்றாவது, மேலிருந்து முதுகைப் பற்றுதல். பருந்து பற்றுவதும் அவ்வாறே. நான்காவது தவறு எல்லாவற்றினும் நுட்பமானது. ஒருவழியாகப் பிடித்த குஞ்சு கையில் அசையாது கிடக்கிறது. “ஆச்சி, இங்க பாருங்க! எங்கிட்ட எவ்வளவு அமைதியா இருக்கு!” என்று சிறுமி மகிழ்கிறாள். பிடிபட்டது அசையாமலிருப்பதை அமைதி என்று கொள்வதே அந்நான்காவது தவறு.

இது புதிய மயக்கமன்று. அத்தனாசியஸ் கிர்ச்சர் என்னும் அறிஞர் 1646இல் தம் நூலில், கோழியை அழுத்திப் படுக்கவைத்து, அதன் கண்முன் தரையில் ஒரு கோடு வரைந்தால், அது விடுபட்ட பின்னும் எழாது கிடப்பதை ஒரு விந்தையாகக் காட்டினார். அந்த விந்தைக்குக் காரணம் கோடன்று என்பதைப் பிற்காலத்தார் கண்டனர். பகைவன் வாயில் அகப்பட்ட உயிர் செத்ததுபோல் உறைந்துகிடப்பது அது. இறுதி அச்சத்தின் வடிவம். எவ்வளவு நேரம் உறைந்துகிடக்கிறது என்பதைக் கொண்டே கோழியின் அச்சத்தை இன்று ஆய்வாளர் அளக்கின்றனர். ஆகவே கையில் அசையாத குஞ்சைக் கண்டு மகிழ்வதற்கு முன், அது இளைப்பாறுகிறதா, உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளைப்பாறும் குஞ்சு கண்ணை மெல்ல மூடித் திறக்கும், தாழ்ந்த இனிய ஒலி எழுப்பும், இறகைக் கோதும். உறைந்த குஞ்சு இவற்றுள் ஒன்றும் செய்யாது. அடங்கியிருத்தல் வேறு, அஞ்சாதிருத்தல் வேறு. இவ்வேறுபாடு குழந்தை வளர்ப்போர்க்கும் ஆசிரியர்க்கும்கூட உரியது.

இனி, அச்சம் தீர்க்கும் முறை. அந்த ஆச்சி பேத்திக்குச் சொல்லத்தக்கது இதுவே: “நீ அதுகிட்ட போகாத, கண்ணு. அது உங்கிட்ட வரட்டும்.”

முதல் இரண்டு நாள் குஞ்சுகளைத் தனியே விடுதல் வேண்டும். நிழலான இடத்தில், காற்றுப் புகும் கூட்டில், ஆழமில்லாத் தட்டில் வடிகட்டிய நீரும், புடைத்துப் பூச்சி நீக்கிய நொய்யும் உடைத்த கம்பும் வைத்து அகன்றுவிட வேண்டும். கடற்கரை வெயிலில் நீர் விரைவில் சூடேறும். பலமுறை மாற்றுதல் நன்று. பூனையும் கீரியும் நுழையாதவாறு, பொழுது சாயுமுன் கூடு அடைபட வேண்டும். இரவில் ஒருமுறை பகை புகுந்தால் பல நாள் முயற்சி வீணாகும்.

மூன்றாம் நாள் முதல், நாள்தோறும் ஒரே வேளையில், கூட்டிலிருந்து சில முழம் தள்ளிச் சிறுமி தரையில் உட்கார வேண்டும். அவள் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. பாடம் படிக்கலாம், பூத் தொடுக்கலாம். குஞ்சை உற்றுநோக்கலாகாது, இரு கண்ணையும் ஒருங்கே பதித்து நோக்குவது வேட்டையாடுவோர் இயல்பு. “பா, பா, பா” என்று தாழ்ந்த குரலில் அழைத்து ஒரு கைப்பிடி தானியத்தைத் தூவி, மீண்டும் தன் வேலையைப் பார்க்க வேண்டும். அதே குரல், அதே வேளை, அதே இடம். அடுத்து என்ன நிகழும் என்பது தெரிந்த இடத்தில் உயிர்கள் அஞ்சுவது குறைவு.

நாள் செல்லச் செல்லத் தானியம் அவளுக்கு அருகில் விழ வேண்டும். பின்னர்த் தரையில் மலர்த்திவைத்த உள்ளங்கையில் இருக்க வேண்டும். அந்தக் கை தரையிலிருந்து எழலாகாது. ஒரு குஞ்சு வந்து ஒரு மணியைக் கொத்திவிட்டு ஓடும். அப்போது கையை மூடிப் பிடிக்கலாம் என்னும் ஆசை எழும். அன்று பிடித்தால் அந்த ஒரு குஞ்சு அகப்படும். ஆறு குஞ்சுகளின் நம்பிக்கையும் போய்விடும். அன்று பிடிக்காது விட்டால் மறுநாள் இரண்டு வரும். கையை மூடாதிருக்கக் கற்பதே இக்கலையின் நடுப்பாடம். குஞ்சு பழகுவதற்கு முன் கை பழக வேண்டும்.

வந்த குஞ்சைத் தொடும்போதும் முதுகை விட்டு, கீழிருந்து மார்புப் பக்கம் விரல் செல்ல வேண்டும். தூக்க நேரின் இரு கையாலும் கால்களைத் தாங்கி, உடலோடு அணைத்து, அது திமிறத் தொடங்குமுன் தரையில் விட வேண்டும். விடுவார் என்று அறிந்த கையிலேயே உயிர் தங்கும். ஆறு குஞ்சுகளும் ஒரே நாளில் நெருங்கா. தமக்குள் முன், பின் என்னும் வரிசை வகுத்துக்கொள்வது கோழிகளின் இயல்பு. அதைத் தோர்லைஃப் ஷெல்டெரப் எப்பே என்னும் நார்வே நாட்டவர் 1921இல் விளக்கிக் காட்டினார். வரிசையில் கடைசியில் நிற்பதற்குத் தானியமும் கிட்டாது, துணிவும் வாராது. அதற்கென்று சற்றுத் தள்ளி இரண்டாவது தட்டு வைக்க வேண்டும். துணிந்த குஞ்சைப் பரிவுடன் கையாள்வதைக் காணும் ஏனைய குஞ்சுகளின் அச்சமும் குறையும் என்பது ஆய்வில் தெரிந்த செய்தி. ஆதலால் கடைசிக் குஞ்சைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை, அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கு ஒரு செய்தி. குஞ்சை விரைவில் பழக்கப் பானையில் கறையான் பிடித்துக் கொட்டும் வழக்கம் சிற்றூர்களில் உண்டு. முற்றத்தில் திரியும் கோழி புழுவைக் கொத்துவது அதன் இயல்பு. அதை யாரும் தடுக்க இயலாது. ஓருயிரின் நம்பிக்கையைப் பெற ஆயிரம் உயிரைக் கொட்டுவது அறநெறி நிற்போர் செயலாகாது. தானியமும் கீரையும் பொறுமையும் போதும். சில நாள் கூடுதலாகும், அவ்வளவே.

இவ்வளவும் செய்தபின், சில வாரத்தில் ஒருநாள், அழைத்தவுடன் ஆறு குஞ்சுகளும் ஓடிவந்து அவள் மடியைச் சுற்றி நிற்கும். கதை இங்கே முடியலாம். ஆனால் முடிவதில்லை. ஆறனுள் இரண்டு சேவலாக வளர்கின்றன. வேம்பாரிலும் பிற ஊர்களிலும் பெரும்பாலான வீடுகளில் கோழி வளர்ப்பது எதற்கு என்பதை யாவரும் அறிவர். வீட்டுக்கு விருந்து வருகிறது. எந்தச் சேவல் எளிதில் அகப்படும்? அழைத்தால் வருவதுதான். ஓடத் தெரிந்த சேவல் வேலி தாண்டித் தப்புகிறது. நம்பக் கற்ற சேவல் கையில் வந்து நிற்கிறது. சிறுமி பல வாரம் பொறுமையுடன் கழற்றிய கவசம் அன்று அதற்குத் தேவைப்படுகிறது. அச்சம் தீர்த்தலின் உள்ளே இருக்கும் இந்த இடரைச் சொல்லாமல், பழக்கும் முறையை மட்டும் சொல்வது பாதி உண்மையே ஆகும்.

இவ்விடத்தில் யசோதர காவியம் நினைவுக்கு வராத தமிழ்ச் சமணர் இரார். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான அது கோழியில் தொடங்கிக் கோழியில் திரும்பும் கதை. தாய் சந்திரமதி உயிர்ப்பலி வேண்டினாள். மன்னன் யசோதரன் மறுத்தான். இறுதியில் மாவினால் செய்த கோழியைப் பலியிட இசைந்தான். உயிர் போகவில்லை, எண்ணம் போயிற்று. அவ்வெண்ணத்தின் பயனாக இருவரும் விலங்கும் பறவையுமாகப் பல பிறவி எடுத்து, கடைசியில் கோழிகளாகப் பிறந்தனர். காவலன் ஒருவன் அவற்றை வளர்த்தான். அவனுக்கு ஒரு முனிவர் அறம் உரைத்தபோது அருகிலிருந்து கேட்ட அக்கோழிகளும் பழம்பிறப்பு உணர்ந்து மகிழ்ந்து கூவின. தொலைவிலிருந்த மன்னன், ஒலி வந்த திசையை நோக்கி அம்பெய்யும் தன் திறத்தைக் காட்ட, அக்குரலையே இலக்காகக் கொண்டான். அச்சம் நீங்கிக் கூவிய குரலே அம்புக்கு வழிகாட்டியது.

அம்மன்னன் கொடியவனாகப் பிறந்தவனல்லன்; தன் கைத்திறத்தில் மகிழ்ந்தவன். அங்கே கூவியது யார் என்று அவன் கேட்கவில்லை. இறந்த அக்கோழிகள் அவன் மக்களாகவே, இரட்டையராய்ப் பிறந்தன. அவர்களின் பெயர் அபயருசி, அபயமதி. கோழிப் பிறவியின் அச்சமெல்லாம் கடந்து வந்தவர்க்கு அபயம் என்னும் சொல்லே பெயராயிற்று. அஞ்சும் உயிருக்கு அஞ்சேல் என்று உறுதி தருவதைத் தானங்களுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். உணவு தானமாகும், மருந்து தானமாகும், அறிவு தானமாகும், அபயமும் தானமாகும். உணவு ஒரு வேளையில் கொடுத்து முடியும். அபயம் அவ்வாறு முடிவதன்று. கொடுத்தவன் நாள்தோறும் அதைக் காக்க வேண்டும்.

இதனை இல்லத்தில் நடைமுறைப்படுத்த ஒரு வாய்ப்புண்டு. திருவிழாக் கடைகளில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயமூட்டிய குஞ்சுகளைப் பெட்டியில் வைத்து விற்பர். முட்டைப் பண்ணைக்குப் பயன்படாத சேவற்குஞ்சுகள் இவ்வாறு விற்கப்படுவதுண்டு. பிள்ளைகள் கைகாட்டிக் கேட்பர். அவற்றுள் பல சில நாளில் மடியும். பிழைப்பவை, நன்கு பேணினால், ஐந்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடும். வாங்குமுன் பெற்றோர் பிள்ளையிடம் கேட்க வேண்டிய வினா விலையைப் பற்றியதன்று. ‘இது உன்னை நம்பத் தொடங்கிய பின், கடைசிவரை இதைக் காப்பாயா?’ என்பதே. காக்க இயலாதெனின், வாங்காது விடுவதும் ஓர் அபயமே. வாங்குவோர் இல்லையேல் சாயம் பூசுவோரும் இரார். ஏற்கெனவே வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குஞ்சு இருப்பின், பிள்ளையைத் தரையில் உட்காரச் செய்து, உள்ளங்கையை மலர்த்திவைக்கக் கற்பிக்கலாம்.

வேம்பார்ச் சிறுமியின் கதையில், விருந்து நாளன்று நிகழ்ந்தது யாது என்று இளஞ்சிறார் கேட்கக்கூடும். அந்த முடிவு அவ்வீட்டுப் பெரியவர் கையில் இருக்கிறது. அவர் சேவலை அழைக்கச் சொல்லிப் பேத்தியை ஏவலாம். பேத்தியின் குரலைக் கேட்டு அது ஓடிவரும். அவள் அழைக்க மறுக்கலாம். அழைக்காமல் அவள் வாய்மூடி நிற்கும் அந்த நேரத்தில்தான், அத்தனை நாள் அவள் கற்றது இன்னதென்று வீட்டார்க்குத் தெரியவரும்.

நம்பி வரும் உயிரின் குரல் யாருக்கும் இலக்காகாதிருப்பதாக.